டிராகுலாவின் கோட்டையை வரைபடத்தில் எங்கே வைப்பது?

பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' (1897) நாவலைப் படித்து முடித்ததும் வரைபடத்தை விரிக்கும் ஆசை வரும். தேதி, ரயில், ஊர்ப் பெயர் என எல்லாம் கணக்காக இருக்கின்றன. சறுக்குவதும் அங்கேதான்.

பெரிய தவறு, ருமேனியாவின் பிரான் கோட்டையைக் குறித்துவிடுவது. சுற்றுலாக்காரர்கள் குவியும் அந்தக் கோட்டை தெற்கே, பிரசோவ் நகருக்குப் பக்கத்தில் இருக்கிறது. நாவலின் கோட்டையோ வடக்கே போர்கோ கணவாயை ஒட்டியது. கோட்டையின் சரியான இடத்தைக் காட்டும் வரைபடம் எதுவும் அகப்படவில்லை என்று டிராகுலாவைப் பார்க்கப் போகும் ஆங்கிலேய வழக்கறிஞன் ஜொனாதன் ஹார்க்கரே தன் நாட்குறிப்பின் தொடக்கத்தில் எழுதிவிடுகிறான். அங்கே நாம் ஏன் புள்ளி வைக்க வேண்டும்? கணவாயைச் சுற்றி மங்கலாக ஒரு வட்டம் போதும்.

எல்லா இடத்தையும் ஒரே மையில் வரைவது அடுத்த தவறு. கோட்டை இருப்பதாகச் சொல்லப்படும் டிரான்சில்வேனியாவுக்கு ஸ்டோக்கர் போனதே இல்லை. எமிலி ஜெரார்டு போன்றவர்கள் எழுதியதைப் படித்துத்தான் அந்த மலைகளை எழுப்பினார். நாவலில் டிராகுலாவின் கப்பல் வந்து சேரும் இங்கிலாந்தின் விட்பி அப்படியல்ல. 1890 கோடையில் அங்கே தங்கியிருந்தார். 199 படிகளையும் மேலே உள்ள தேவாலயத்தையும் மடாலய இடிபாட்டையும் இன்றும் நடந்தே பார்க்கலாம். 1885இல் அங்கே கரைதட்டிய 'டிமிட்ரி' என்ற ரஷ்யக் கப்பல்தான் நாவலில் 'டிமீட்டர்' ஆனது. கண்டதற்கு ஒரு நிறம், படித்ததற்கு ஒன்று, கற்பனைக்கு ஒன்று என்று பிரித்துக்கொண்டால் வரைபடமே பேசும்.

இன்றைய எல்லைக்கோடுகளையும் அப்படியே போட்டுவிடாதீர்கள். கதை நடக்கும் காலத்தில் டிரான்சில்வேனியா ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் இருந்தது.

பெயர் பொருந்துகிறதே என்று நம்புவதும் ஆபத்து. ஹார்க்கர் தங்கும் 'கோல்டன் குரோன்' ஹோட்டல் இன்று பிஸ்திரிட்சா நகரில் இருக்கிறது. ஆனால் நாவல் புகழ் பெற்று வெகுகாலம் கழித்து, அதிலிருந்து பெயரை எடுத்துக் கட்டியது அது. இதைவிட வேடிக்கை, ஆங்கில எழுத்தாளர் ஹொரஸ் வால்போல் 1764இல் வெளியிட்ட ஒட்ராண்டோ கோட்டைக் கதை. காதுக்கு இனிமையாக ஒலித்ததால் நேப்பிள்ஸ் இராச்சிய வரைபடத்திலிருந்து அவர் பொறுக்கிய ஊர்ப் பெயர் அது. அந்த ஊரில் நிஜமாகவே ஒரு கோட்டை உண்டு என்பது, இருபது ஆண்டுகளுக்கும் மேலாகி, ஒரு சீமாட்டி அதன் ஓவியத்தை அனுப்பியபோதுதான் அவருக்குத் தெரியவந்தது.