பைப்பர் செமினோலில் அழுத்தம் போனால் எது எங்கே போகும்?

ஒற்றை எஞ்சின் விமானத்திலிருந்து இரட்டை எஞ்சின் கொண்ட பைப்பர் பிஏ-44 செமினோலுக்கு மாறுகிறவர்கள் லீவர்களின் எண்ணிக்கையைப் பார்த்தே மிரள்வார்கள். எண்ணிக்கை பெரிய விஷயமல்ல. ஹைட்ராலிக் அல்லது எண்ணெய் அழுத்தம் போனால் ஒவ்வொரு பாகமும் எந்த நிலைக்குப் போகும் என்று தெரிந்தால் அவசரகாலப் படிகள் தாமாகவே புரியும். கீழே உள்ள எண்களை உங்கள் விமானத்தின் கையேட்டோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அதில் இருப்பதே இறுதி.

கியரில், அதாவது தரையிறங்கும் சக்கரங்களில், மேலே மடிந்த நிலையில் பிடித்துவைக்கும் மேல்பூட்டு கிடையாது. சக்கரங்களை மேலே தாங்குவது ஹைட்ராலிக் அழுத்தம் மட்டுமே; அது கசிந்தால் அவை தாமே இறங்கும். அவசரக் குமிழை இழுத்தால் நடப்பதும் அதுதான்: அழுத்தம் விடுபட்டு சக்கரங்கள் இறங்கும். சக்கரம் இறங்கிப் பூட்டிக்கொண்டதைக் காட்டும் பச்சை விளக்கு எரியவில்லை என்றதும் குமிழுக்குப் பாயாதீர்கள். நாவிகேஷன் விளக்கு போட்டிருந்தால் கியர் விளக்குகள் மங்கிவிடும். பகலில் பலர் ஏமாறுவது இங்கேதான். நாவிகேஷன் விளக்கை அணைத்து, மாஸ்டர் சுவிட்சையும் சர்க்யூட் பிரேக்கர்களையும் பாருங்கள். கோளாறு உண்மைதான் என்றால் வேகத்தை 100 நாட்டுக்குக் கீழே கொண்டுவந்து, கியர் லீவரைக் கீழே வைத்து, குமிழை இழுங்கள். அதிக வேகத்தில் எதிர்க்காற்று முன்சக்கரத்தைப் பூட்டவிடாது. மூன்று பச்சையும் வராவிட்டால் ரடரால் விமானத்தை இடவலமாக ஆட்டிப் பாருங்கள். இழுத்த குமிழைத் திரும்பத் தள்ளக் கூடாது. விமானத்தை ஜாக்கியில் ஏற்றிச் சோதிக்கும்வரை அப்படியே இருக்கட்டும்.

புரொப்பெல்லரில்தான் பழைய பழக்கம் தலைகீழாகும். வழக்கமான ஒற்றை எஞ்சின் விமானத்தில் எண்ணெய் அழுத்தம் போனால் சுழற்சி எகிறும். இங்கே கவர்னர் (சுழற்சி வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) அனுப்பும் எண்ணெய்தான் புரொப்பெல்லர் இதழ்களைத் தாழ்ந்த கோணத்தில் வைத்திருக்கிறது. அது போனால் ஸ்பிரிங்கும் நைட்ரஜனும் அவற்றை ஃபெதர் பக்கம் தள்ளும்; இதழ்கள் காற்றோட்டத்துக்கு இணையாகத் திரும்பி இழுவையைக் குறைக்கும் நிலை அது. ஆனால் சுமார் 950 ஆர்பிஎம்முக்குக் கீழே பூட்டு ஊசிகள் விழுந்துவிடும், பிறகு ஃபெதர் ஆகாது. தரையில் எஞ்சினை நிறுத்தும்போது ஃபெதர் ஆகாமல் தடுக்க வைத்த ஏற்பாடு அது; வானத்தில் அதுவே உங்களுக்குக் காலக்கெடு.

எஞ்சின் நின்றால் 88 நாட் நீலக்கோட்டை (ஒரே எஞ்சினில் நன்றாக ஏற உதவும் வேகத்தின் குறி) பிடியுங்கள். நேராகப் பறக்க எந்தக் கால் ரடரை மிதிக்கவில்லையோ, அந்தப் பக்கத்து எஞ்சின்தான் செத்தது. அதன் திராட்டிலை மெதுவாக இழுங்கள். எதுவும் மாறாவிட்டால் உங்கள் கணிப்பு சரி. பிறகு புரொப் லீவரை ஃபெதருக்கும், மிக்ஸ்சரை கட்-ஆஃபுக்கும் கொண்டுபோங்கள். அவசரத்தில் நல்ல எஞ்சினை ஃபெதர் செய்தவர்கள் உண்டு, அதனால்தான் திராட்டில் சோதனை.

ஒவ்வொரு பக்கமும் பயன்படக்கூடிய எரிபொருள் 54 அமெரிக்க காலன், ஏறக்குறைய 204 லிட்டர். செத்த பக்கத்து எரிபொருள் வேண்டுமானால், ஓடும் எஞ்சினின் எரிபொருள் செலக்டரை கிராஸ்ஃபீடிலும் (மறுபக்க டாங்கிலிருந்து எரிபொருள் எடுக்கும் நிலை) மற்றதை ஆஃபிலும் வையுங்கள். செத்த எஞ்சினின் செலக்டரைத் திருப்பிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பது வழக்கமான தவறு. கிராஸ்ஃபீட் சமமட்டப் பறப்புக்கு மட்டும். இறங்குமுன் ஓடும் எஞ்சினின் செலக்டரை 'ஆன்' நிலைக்குத் திருப்புங்கள்.

விமானத்தின் மூக்கிலுள்ள கேபின் ஹீட்டரும் இடது பக்க எரிபொருளைத்தான் குடிக்கிறது, மணிக்கு அரை காலன். தரையிறங்கியதும் சுவிட்சை ஃபேனில் வைத்து 2 நிமிடம் ஆறவிடுங்கள். அதிகச் சூட்டில் தானாக அணைந்துவிட்டால் பறக்கும்போது மீட்க முடியாது. ரீசெட் பொத்தான் ஹீட்டரின் மேலேயே இருக்கிறது.