மடக்கு சைக்கிளுக்கு வயர்லெஸ் மீட்டர் எப்படி பாத்து வாங்குறது? பாம்பன், தனுஷ்கோடி பக்கம் ஓட்டுறவங்களுக்கு

மடக்கு சைக்கிள் வாங்குனவங்க அடுத்து கேக்குறது, ஸ்பீடும் தூரமும் காட்டுற மீட்டர் எது வாங்கலாம்ங்கிறதுதான். ஆன்லைன்ல ஸ்டார் எண்ணிப் பாத்துட்டு உடனே ஆர்டர் போட்டுறாதீங்க, அந்த ரிவ்யூ எழுதுனவங்க பெரும்பாலும் பெரிய வீல் சைக்கிள் ஓட்டுறவங்க, நம்ம வண்டி அமைப்பே வேற. முதல்ல கையில எடுக்க வேண்டியது போன் இல்ல, இஞ்ச் டேப்.

அளக்க வேண்டியது ரெண்டு. ஒண்ணு, முன் சக்கரத்த ரெண்டு பக்கமும் பிடிச்சிருக்க ஃபோர்க்ல இருந்து ஹேண்டில்பார் வரைக்கும் உள்ள தூரம். விலை கம்மியான வயர்லெஸ் மீட்டர்ல சக்கரக் கம்பியில ஒரு காந்தம் மாட்டுவீங்க, ஃபோர்க்ல ஒரு சென்சார் இருக்கும், காந்தம் ஒவ்வொரு தடவ தாண்டும்போதும் சென்சார் மேல இருக்க டிஸ்ப்ளேக்கு சிக்னல் அனுப்பும். இதுல பழைய அனலாக் வகைக்கு ரேஞ்ச் 60, 70 சென்டிமீட்டர்தான் இருக்கும். சாதாரண சைக்கிளுக்கு அது போதும். மடக்கு சைக்கிள்ல சக்கரம் கீழ கிடக்கும், ஹேண்டில் கம்பி நெட்டையா மேல போகும், அளந்து பாத்தா சில வண்டியில 80 சென்டிமீட்டரையும் தாண்டிரும். அப்ப ஸ்பீடு விட்டு விட்டு காட்டும், இல்ல பூஜ்யத்துலயே நிக்கும், மீட்டர் பழுதுன்னு நினைச்சு திருப்பி அனுப்புவீங்க, அடுத்து வர்றதும் அப்படியேதான் இருக்கும்.

தூரம் 60க்குள்ள வந்தா அனலாக் போதும், காசு மிச்சம். கொஞ்சம் கூட இருந்தா சென்சாரை ஃபோர்க்ல எவ்ளோ மேல ஏத்த முடியுமோ ஏத்துங்க, அதுக்கு நேரா காந்தத்தையும் சக்கரக் கம்பியில மேல தள்ளுங்க, டிஸ்ப்ளேய ஹேண்டில்பார்ல மாட்டாம அதைத் தாங்குற நெட்டுக் கம்பியிலயே கீழ இறக்கி மாட்டுங்க. அதுக்கும் மேலன்னா புளூடூத் இல்லாட்டி ஆன்ட் பிளஸ்னு (ANT+, அதுவும் புளூடூத் மாதிரி ஒரு வயர்லெஸ் முறைதான்) போட்டிருக்க டிஜிட்டல் வகைக்குப் போயிருங்க, அதுக்கு இந்த தூரமெல்லாம் ஒரு பிரச்சனையே இல்ல. இன்னொரு விஷயம், அனலாக்ல மலிவான எல்இடி லைட்டு பக்கத்துல இருந்தாலோ இதே மாதிரி மீட்டர் வச்ச ஆளு ஒட்டி வந்தாலோ நம்பர் கன்னாபின்னான்னு ஓடும், குரூப்பா போறவங்க இத கட்டாயம் யோசிக்கணும்.

ரெண்டாவது அளவு சக்கரச் சுத்தளவு, பிழையில பாதி இங்கதான் வருது. மீட்டர் எத்தன சுத்துன்னு எண்ணி சுத்தளவால பெருக்கித்தான் தூரம் காட்டுது. பெரிய வீல் சைக்கிளோட 700 x 25 டயருக்கு சுமார் 2105 மில்லிமீட்டர், நம்ம 20 இஞ்ச் 47-406 டயருக்கு (47 டயர் அகலம், 406 ரிம் அளவு, ரெண்டும் மில்லிமீட்டர்ல) சுமார் 1515தான். பெரிய வீல் செட்டிங்லயே விட்டா பாம்பன் ரோட்டுப் பாலம் 2.3 கிலோமீட்டர் சொச்சம்தான், உங்க மீட்டர் 3.2ன்னு சொல்லும். டயர் பக்கவாட்டுல அச்சடிச்சிருக்க நம்பரப் பாருங்க, 20 இஞ்ச்லயே 406ன்னும் 451ன்னும் ரெண்டு இருக்கு, 16 இஞ்ச்லயும் 305, 349ன்னு இருக்கு. ஆனா டேபிளை நம்புறத விட நீங்களே அளக்குறது நல்லது. காத்து சரியா அடிச்சு, வால்வு இருக்க இடத்துல தரையில சாக்பீஸ் கோடு போட்டு, நீங்க சீட்ல உக்காந்து, ஒரு ஆளு பிடிச்சுக்க, நேரா மூணு சுத்து உருட்டி, வால்வு திரும்ப கீழ வர்ற இடத்துல இன்னொரு கோடு போட்டு, மொத்தத்த மூணால வகுத்துருங்க. வாங்குறதுக்கு முன்னாடியே மேனுவலைத் தேடிப் பாருங்க, சில மலிவு மாடல்ல பெரிய வீல் அளவுல இருந்து மட்டும்தான் லிஸ்ட் இருக்கும், நம்ம இஷ்டத்துக்கு நம்பர் போட விடாது, அது வேணாம்.

இப்ப வண்டிய ஒரு தடவ மடக்குங்க. ரெண்டு சக்கரமும் ஒட்டி வர்றப்ப ஃபோர்க்கோட எந்தப் பக்கம் உள்ள போகுது, எது வெளிய நிக்குதுன்னு பாத்து, வெளிப்பக்கம்தான் சென்சார். ஹேண்டில் மடிஞ்சு விழுற இடத்தயும் பாருங்க. காந்தமே வேணாம், ஹப்ல, அதாவது சக்கரத்து நடுக் குடத்துல, சுத்தி மாட்டுற சென்சார் வாங்கலாம்னு சிலர் சொல்லுவாங்க, மடக்குறதுக்கு அது வசதிதான், ஆனா நிறைய மடக்கு சைக்கிள்ல முன் ஹப் 74 மில்லிமீட்டர் அகலம்தான், சாதாரண சைக்கிள்ல 100, நடுவுல இடம் இருக்கான்னு அளந்துட்டு வாங்குங்க, இல்லாட்டி பின் ஹப்ல மாட்டணும்.

அடுத்து ஜிபிஎஸ் வகை. தனுஷ்கோடியில டவர் சரியா கிடைக்காதே, அங்கிட்டு ஜிபிஎஸ் வேலை செய்யுமான்னு கேப்பாங்க. செய்யும். ஜிபிஎஸ்ஸுக்கு செல்போன் டவரே தேவையில்ல, சாட்டிலைட் சிக்னலத்தான் எடுக்குது, அரிச்சல்முனை ரோடு மாதிரி ரெண்டு பக்கமும் கடலு, மேல வெறும் வானம்னா அதுக்கு ரொம்ப நல்ல இடம். சுத்தளவு போட வேணாம், சென்சார் வேணாம், மடக்குறப்ப இடிக்க எதுவும் இல்ல. குறைன்னா அடிக்கடி சார்ஜ் போடணும், மெதுவா போறப்ப ஸ்பீடு கொஞ்சம் லேட்டா மாறும், விலையும் கூட. என்னைக் கேட்டா, தூரமும் ஸ்பீடும் மட்டும் போதும்ங்கிறவங்க சின்ன ஜிபிஎஸ் ஒண்ணு வாங்கிக்கிறதுதான் மடக்கு சைக்கிளுக்கு நிம்மதி. கச்சான் காத்து எதுத்து அடிக்கிற மாசத்துல ஸ்பீடப் பாத்து மிதிச்சா காலு போயிரும், கேடன்ஸ், அதாவது நிமிஷத்துக்கு எத்தன தடவ பெடல் சுத்துறோம்ங்கிறதப் பாத்து மிதிக்கணும், அதுனால பிறகு கேடன்ஸ் சென்சார் சேக்க முடியுற மாடலா பாருங்க.

நம்ம கடக்கரையில உப்ப மறந்துறக்கூடாது. பெட்டியில போட்டிருக்க தண்ணி தாங்குற தரம் ஐபிஎக்ஸ்7னா, நல்ல தண்ணியில 1 மீட்டர் ஆழத்துல 30 நிமிஷம் வச்சு டெஸ்ட் பண்ணது, உப்புத்தண்ணிக்கு அது கேரண்டி இல்ல. பேட்டரி மூடியில ரப்பர் வளையம் இருக்கா, சார்ஜ் ஓட்டைக்கு மூடி இறுக்கமா இருக்கான்னு பாருங்க. பிளாஸ்டிக் உறை போட்ட காந்தமா வாங்குங்க, மொட்டையா இருந்தா துரு ஏறிடும். கடல் பக்கம் போயிட்டு வந்தா நல்ல தண்ணியில நனைச்ச துணியால துடைச்சு, காஞ்ச பிறகுதான் சார்ஜ். டிஸ்ப்ளே கறுப்பு வெள்ளையா இருந்தா மத்தியான வெயில்லயும் நல்லா தெரியும், கலர் ஸ்க்ரீனுக்கு ஆசைப்பட வேணாம்.

மாட்டி முடிச்சதும் ரோட்டோர கிலோமீட்டர் கல்லு ரெண்டு மூணு தாண்டி ஓட்டிப் பாத்து, சக்கர சென்சார் மீட்டர் கூடக் குறைய காட்டுனா சுத்தளவு நம்பரக் கொஞ்சம் மாத்துங்க. இதெல்லாம் பொருள திருப்பிக் குடுக்குற தேதிக்குள்ள முடிச்சிருங்க. டிஸ்ப்ளேய ஒரு சின்ன கயித்தால ஹேண்டில்ல கட்டிருங்க, சின்ன சக்கரத்துக்கு பாலத்து இணைப்புகள்ல குலுக்கல் ஜாஸ்தி, கழண்டு தெறிச்சா கீழ கடல்.