சுகர் இருக்குமோ என்ற பயமா? பரிசோதனையிலிருந்து ரிப்போர்ட் வரை, படிப்படியாக

ராத்திரி இரண்டு முறை சிறுநீர் கழிக்க எழுந்துவிட்டால் போதும், மறுநாள் காலை மனசு நேராகச் சர்க்கரை நோயில் போய் நிற்கிறது. கொஞ்சம் தாகம், கொஞ்சம் அசதி, காலில் லேசான மதமதப்பு என எல்லாமே அதற்குச் சாட்சியாகத் தெரிய ஆரம்பிக்கிறது. போனை எடுத்துத் தேடினால் பயம் இன்னும் ஏறுகிறது. சிலர் அந்தப் பயத்திலேயே பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறார்கள். சிலர் மீட்டர் வாங்கி மணிக்கொரு முறை விரலைக் குத்திக்கொள்கிறார்கள். இரண்டுமே மனசை ஆற்றுவதில்லை.

அறிகுறிகளை வைத்துச் சர்க்கரை நோய் இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. முறையாகச் செய்த ரத்தப் பரிசோதனைதான் அதைச் சொல்லும். அதற்கு எப்படித் தயாராவது, வந்த எண்ணை எப்படிப் படிப்பது என்று வரிசையாகப் பார்க்கலாம்.

படி 1: இன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலையா?

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைப் பாருங்கள். அடங்காத தாகமும் அடிக்கடி சிறுநீரும் இருக்கும்போது, கூடவே வாந்தி, வயிற்றுவலி, வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு வாங்குவது, மூச்சில் பழ வாசனை, குழப்பம், மிதமிஞ்சிய தூக்கக் கலக்கம் ஆகியவற்றில் ஏதாவது சேர்ந்தால் வீட்டில் இருந்து யோசிக்காதீர்கள். உடனே அவசரச் சிகிச்சைக்குப் போங்கள். இன்சுலின் போதாமல் உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கி, ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் சேரும்போது இப்படி ஆகும். சில மணி நேரத்திலேயே நிலைமை மோசமாகலாம்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். படுக்கையை நனைப்பதை நிறுத்திவிட்ட குழந்தை மறுபடி நனைக்க ஆரம்பிக்கிறது, தண்ணீர் தண்ணீர் என்று கேட்கிறது, எடை குறைகிறது என்றால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். முதல் வகைச் சர்க்கரை நோய் குழந்தைகளிடம் வேகமாக முற்றும். ‘ரெண்டு நாள் பார்ப்போம்’ என்று இருக்கவே கூடாது.

இவை எதுவும் இல்லையா? சரி, நிதானமாக அடுத்ததற்கு வரலாம்.

படி 2: உடம்பு சொல்வதை எழுதி வையுங்கள்

ஒரு தாளில் மூன்று நான்கு நாளைக்குக் குறித்து வைத்தால் போதும். பயத்தில் இருக்கும்போது நினைவு எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும், தாள் அப்படிச் செய்யாது.

சிறுநீரைப் பொறுத்தவரை எத்தனை முறை என்பதோடு எவ்வளவு என்பதையும் கவனியுங்கள். ரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்குச் சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டும்போது, சிறுநீரகத்தால் அதை முழுதாகத் திரும்ப உறிஞ்ச முடிவதில்லை. மிச்சச் சர்க்கரை சிறுநீரில் இறங்கும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. அதனால் ஒவ்வொரு முறையும் நிறையப் போகும், அப்புறம் தாகம் எடுக்கும். எரிச்சலோடு கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது என்றால் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். ஆண்களில் வயதானவர்களுக்குப் புராஸ்டேட் வீக்கம் காரணமாகலாம். மாலையில் நிறைய காபி, தேநீர் குடித்தாலும் ராத்திரி எழ வேண்டி வரும்.

முயற்சி எதுவும் செய்யாமலே எடை குறைவதை மட்டும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பார்வை ஒருநாள் தெளிவாகவும் ஒருநாள் மங்கலாகவும் இருப்பது, புண் ஆற நாளாவது, பிறப்புறுப்பில் திரும்பத் திரும்ப வரும் பூஞ்சைத் தொற்று, கழுத்திலும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடிப்பது ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் கறுப்பை அழுக்கு என்று தேய்த்துக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. பல நேரம் அது உடல் இன்சுலினுக்குச் சரியாக இணங்கவில்லை என்பதன் அடையாளம்.

நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், வியர்வை மூன்றும் திடீரென்று சேர்ந்து வந்தால் ‘சுகர் ஏறிவிட்டது’ என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இவை சர்க்கரை இறங்கும்போது வருபவை. சர்க்கரைக்கு எந்த மருந்தும் எடுக்காதவருக்குச் சர்க்கரை அப்படி இறங்குவது அபூர்வம். பதற்றமே இதே மூன்றையும் கொண்டுவரும். அது அடிக்கடி வருகிறது என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பதற்றமும் கவனிக்க வேண்டிய ஒன்றுதான்.

தாளில் எழுத எதுவுமே இல்லை என்றாலும் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் பல வருடம் ஒரு அறிகுறியும் காட்டாமல் இருக்கக்கூடியது. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இருக்கிறது, இடுப்புச் சுற்றளவு கூடியிருக்கிறது, ரத்த அழுத்தம் இருக்கிறது, கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்து போயிருக்கிறது என்றால் அறிகுறிக்காகக் காத்திருக்கவே வேண்டாம். இவை இல்லாவிட்டாலும் 35 வயதிலிருந்து எல்லோரும் பரிசோதித்துக்கொள்வது நல்லது என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் சொல்கிறது.

படி 3: எந்தப் பரிசோதனை?

வெறும் வயிற்றில் எடுக்கும் சர்க்கரை, ஹெச்பிஏ1சி. ஆரம்பத்தில் இந்த இரண்டையும் ஒரே நாளில் கொடுத்துவிடுங்கள் என்பது என் யோசனை. முதலாவது அன்றைய காலை நிலையைச் சொல்லும். இரண்டாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும். சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாள் வாழ்கின்றன. அதற்குள் அவற்றில் இருக்கும் ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதைத்தான் ஹெச்பிஏ1சி அளக்கிறது.

மூன்றாவதாக, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கும் சோதனை ஒன்று உண்டு. முதல் இரண்டும் இரண்டு விதமாகச் சொன்னாலோ கர்ப்ப காலத்திலோ மருத்துவர் இதைக் கேட்பார். கர்ப்பிணிகளுக்கு அளவுகோலே வேறு என்பதால் கீழே உள்ள எண்களை அவர்கள் தங்களுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

படி 4: முந்தைய நாளும் அன்று காலையும்

குறைந்தது 8 மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். தண்ணீர் குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும். சர்க்கரை போடாத காபிகூட வேண்டாம். காலையில் நடைப்பயிற்சிக்குப் போய்விட்டு அப்படியே லேபுக்குப் போவதையும் அன்றைக்கு மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

சோதனைக்கு முந்தைய சில நாட்கள் இனிப்பை அடியோடு நிறுத்தி, சாப்பாட்டைப் பாதியாக்கிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். தேர்வுக்குப் படிப்பதைப் போல இதற்குத் தயாராகக் கூடாது. வழக்கமாக என்ன சாப்பிடுகிறீர்களோ அதையே சாப்பிடுங்கள். குளுக்கோஸ் குடிக்கும் சோதனைக்கு முன் மாவுச்சத்தை மிகவும் குறைத்தால், ஆரோக்கியமானவருக்கும் எண் கூடுதலாக வரக்கூடும். அதனால் அதற்கு முந்தைய மூன்று நாளும் வழக்கமான அளவு மாவுச்சத்து உள்ளே போக வேண்டும்.

காய்ச்சலோ கடுமையான சளியோ இருந்தால், அவசர அறிகுறிகள் இல்லாதபட்சத்தில், குணமான பிறகு போங்கள். நோயின்போது சுரக்கும் ஹார்மோன்கள் சர்க்கரையை ஏற்றிவிடும். ஸ்டீராய்டு மருந்து எதற்காகவாவது எடுத்துக்கொண்டிருந்தால், அதைக் கட்டாயம் மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இன்னொன்று. எடுத்த ரத்தம் அணுக்கள் தனியாகப் பிரிக்கப்படாமல் குழாயிலேயே கிடந்தால், ரத்த அணுக்கள் அதிலுள்ள குளுக்கோஸை மணிக்குச் சுமார் 5 முதல் 7 சதவீதம் வரை தின்றுவிடும். எண் உண்மையைவிடக் குறைவாக வந்துவிடும். முடிந்தால் லேபுக்கே நேரில் போய் ரத்தம் கொடுங்கள்.

படி 5: ரிப்போர்ட்டைப் படிப்பது

பயமும் குழப்பமும் அதிகமாக வருவது இங்கேதான், அதனால் மெதுவாகப் போவோம். எண்ணைப் பார்ப்பதற்கு முன் அலகைப் பாருங்கள். சில நாடுகளில் மில்லிகிராம்/டெசிலிட்டர், சில நாடுகளில் மில்லிமோல்/லிட்டர். மில்லிமோலை 18ஆல் பெருக்கினால் மில்லிகிராம் கிடைக்கும். 7.0 என்பதும் 126 என்பதும் ஒன்றேதான். கீழே உள்ள சர்க்கரை எண்கள் மில்லிகிராம்/டெசிலிட்டரில்.

வெறும் வயிற்றில்: 100க்குக் கீழே இயல்பு. 100 முதல் 125 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 126 அல்லது அதற்கு மேல் சர்க்கரை நோய்.

ஹெச்பிஏ1சி: 5.7 சதவீதத்துக்குக் கீழே இயல்பு. 5.7 முதல் 6.4 வரை முந்தைய நிலை. 6.5 முதல் சர்க்கரை நோய்.

75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து: 140க்குக் கீழே இயல்பு, 140 முதல் 199 வரை முந்தைய நிலை, 200 முதல் சர்க்கரை நோய்.

இந்தக் கடைசி வரி அளந்து குடித்த குளுக்கோஸுக்கானது. வீட்டில் வயிறார ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு மீட்டரில் 150 பார்த்தால், அதை இந்த வரியில் வைத்து ‘எனக்கு வந்துவிட்டது’ என்று முடிவு கட்டக் கூடாது. ஆரோக்கியமானவர்களுக்கும் சாப்பிட்ட பிறகு கொஞ்ச நேரம் 140ஐத் தாண்டுவது உண்டு.

ஒரே ஒரு எண்ணை வைத்துச் சர்க்கரை நோய் என்று உறுதி செய்வதில்லை. தெளிவான அறிகுறிகள் இல்லாதவருக்கு இரண்டு முடிவுகள் அந்த எல்லைக்குள் வர வேண்டும். ஒரே நாள் எடுத்த வெறும் வயிற்றுச் சர்க்கரையும் ஹெச்பிஏ1சியும் இரண்டுமே அந்த எல்லையில் இருந்தால் அதுவே போதும். ஒன்று மட்டும் இருந்தால், அதிகமாக வந்ததை இன்னொரு நாள் திரும்பச் செய்து பார்ப்பார்கள். அதேசமயம், அதிகத் தாகமும் அதிகச் சிறுநீரும் எடைக் குறைவும் இருப்பவருக்கு எந்த நேரத்தில் எடுத்தாலும் 200க்கு மேல் காட்டினால், மறு சோதனைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

போன முறை 98, இந்த முறை 103 என்றால் நோய் முன்னேறிவிட்டது என்று அர்த்தமில்லை. ஒரே ஆளுக்கு நாளுக்கு நாள் இவ்வளவு ஏற்ற இறக்கம் சகஜம். தூக்கம் கெட்ட ஒரு ராத்திரிகூடக் காலை எண்ணைக் கொஞ்சம் நகர்த்தும்.

ஹெச்பிஏ1சியை மட்டும் நம்ப முடியாத ஆட்களும் உண்டு. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் அது உண்மையைவிடக் கூடுதலாக வரலாம். சமீபத்தில் ரத்தம் இழந்திருந்தாலோ ரத்தம் ஏற்றியிருந்தாலோ சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் நோய் இருந்தாலோ பொய்யாகக் குறையலாம். அதனால் ஹீமோகுளோபின் அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

படி 6: வீட்டில் மீட்டர் இருந்தால்

குளுக்கோமீட்டர் நல்ல கருவிதான், ஆனால் நோய் இருக்கிறதா என்று தீர்மானிப்பதற்கு உரியதல்ல. மீட்டர்களுக்கான சர்வதேசத் தரம், 100க்கு மேலான எண்களில் 15 சதவீதம் வரை கூடக்குறைய இருப்பதை அனுமதிக்கிறது. உண்மையில் 120 இருப்பவருக்கு மீட்டர் 105 காட்டினாலும் 135 காட்டினாலும் அது பழுதல்ல.

செய்யும் முறை இதுதான். சோப்புப் போட்டுக் கைகழுவி, ஈரம் போகத் துடைத்துக்கொள்ளுங்கள். பழத்தை உரித்த கையோடு குத்தினால், விரலில் ஒட்டியிருக்கும் சர்க்கரையே எண்ணைத் தூக்கிவிடும். ஸ்ட்ரிப் (ரத்தத் துளியை வாங்கும் பட்டை) டப்பாவில் காலாவதித் தேதியைப் பாருங்கள், ஒரு ஸ்ட்ரிப்பை எடுத்ததும் மூடிவிடுங்கள். புது லேன்செட்டால் (குத்தும் சிறு ஊசியால்) விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள், நடுவில் குத்தினால் வலி அதிகம். ரத்தம் வரவில்லை என்றால் கையைக் கீழே தொங்கவிட்டு உள்ளங்கையிலிருந்து மெல்ல நீவுங்கள். விரல் நுனியை அழுத்திப் பிழிந்தால் திசு நீரும் கலந்து எண் மாறிவிடும். லேன்செட்டை வேறு யாரோடும் பகிரக் கூடாது, வீட்டு ஆட்களோடுகூட.

எண்ணுக்குப் பதிலாக ‘ஹை’ என்று காட்டினால் அளவு மீட்டரின் எல்லையைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். கையைக் கழுவி உடனே ஒருமுறை பாருங்கள். மறுபடியும் அதுவே வந்தால் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

பயத்தில் இருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: லேப் ரிப்போர்ட் இயல்பாக வந்த பிறகு மீட்டரை எடுத்து வைத்துவிடுங்கள். நாளெல்லாம் மேலும் கீழும் போவதுதான் சர்க்கரையின் இயல்பு. ஒவ்வொரு அசைவையும் பார்த்துக்கொண்டிருந்தால் நிம்மதி போய்விடும்.

படி 7: எண் வந்தாயிற்று, இனி?

இயல்பு என்றால், 3 வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். குடும்பத்தில் நோய் இருக்கிறது, எடை கூடிக்கொண்டு போகிறது என்றால் இன்னும் சீக்கிரமாக. ஆனால் தாகமோ எடைக் குறைவோ தொடர்ந்தால் ‘சுகர் இல்லை’ என்று நின்றுவிடாதீர்கள். தைராய்டு உட்பட வேறு காரணங்களைத் தேட வேண்டும்.

முந்தைய நிலை என்று வந்தால் அதைத் தண்டனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எதையாவது செய்து நிலைமையை மாற்ற நல்ல வாய்ப்புள்ள கட்டம் இது. அமெரிக்காவில் நடந்து 2002இல் முடிவுகள் வெளியான பெரிய ஆய்வில், இந்த நிலையில் இருந்தவர்களுக்கு உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பதும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும் இலக்காகக் கொடுக்கப்பட்டன. மருந்தில்லாத போலி மாத்திரையும் பொதுவான அறிவுரையும் மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட்டால், அவர்களில் நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுத்தவர்களிடம் குறைந்தது 31 சதவீதம். 80 கிலோ எடையுள்ளவருக்கு 7 சதவீதம் என்பது ஐந்தரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். ஒரேயடியாகப் பட்டினி கிடக்க வேண்டாம். சாப்பிட்டதும் உட்காராமல் கொஞ்சம் நடப்பதில் ஆரம்பியுங்கள். வருடம் ஒருமுறை பரிசோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

சர்க்கரை நோய் என்றே உறுதியானால், மருத்துவரைப் பார்க்கும்போது இவற்றைக் கேட்டு வாங்குங்கள்: கண்ணின் விழித்திரைப் பரிசோதனை, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம், சிறுநீரகச் செயல்பாடு, கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம், பாதத்தில் உணர்வு இருக்கிறதா என்ற சோதனை. இரண்டாம் வகை நோய் தெரியவரும் முன்பே பல வருடம் இருந்திருக்கலாம் என்பதால், இவற்றை முதல் தடவையே பார்த்துவிட வேண்டும். மாத்திரை தொடங்கினால் அது சர்க்கரையை மிகவும் இறக்கிவிடக்கூடியதா என்று கேளுங்கள். அப்படிப்பட்டதென்றால், 70க்குக் கீழே போகும்போது 15 கிராம் சர்க்கரையைக் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்பதை வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்லி வையுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். அப்போது ஆம்புலன்ஸைத்தான் கூப்பிட வேண்டும்.