தோட்டப்புற நிகழ்ச்சிகளுக்கு டீஜே கண்ட்ரோலர் வாங்கும் முன்

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில் பிறந்தநாள், மஞ்சள் நீராட்டு, திருமண வரவேற்பு என்று பாட்டு போடத் தொடங்கும் இளைஞர்கள் கண்ட்ரோலர் வாங்கும்போது பெரும்பாலும் அதன் மேற்பரப்பைத்தான் பார்க்கிறார்கள். விரலால் தட்டும் பேட் எத்தனை இருக்கிறது, எத்தனை நிறத்தில் விளக்கு எரிகிறது, காணொளியில் யார் அதை வாசித்தார்கள் என்பவை கண்ணில் படுகின்றன. ஆனால் தோட்ட மண்டபத்தில் நிகழ்ச்சி நல்லபடியாக நடக்குமா என்பதைத் தீர்மானிப்பது பெட்டியின் பின்பக்கமும் முன்விளிம்பும்தான். ஒலி வெளியேறும் வழியும் மைக் நுழையும் வழியும் அங்கேதான் இருக்கின்றன. கையில் 1,500 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, அதை எப்படிப் பிரித்துச் செலவிடலாம் என்று பார்ப்போம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். கண்ட்ரோலர் என்பது பாட்டை ஓட்டும் இரண்டு டெக்கும், நடுவில் ஒலிகளைக் கலக்கும் ஒரு மிக்ஸரும் ஒரே பெட்டியில் அமைந்த கருவி. பாட்டும் மென்பொருளும் மடிக்கணினியிலோ கைப்பேசியிலோ இருக்கும். தனி டீஜே மிக்ஸரில் பாட்டை ஓட்டும் கருவி எதுவும் இல்லை என்பதால், அதற்கு இரண்டு டர்ன்டேபிளோ பிளேயரோ தனியாக வாங்க வேண்டும். புதிதாகத் தொடங்குபவரின் கைக்காசு அதற்குக் காணாது. மூன்றாவது வகை, மேடை ஒலிக்கான சாதாரண மிக்ஸர். ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற நகர்த்தும் கிராஸ்ஃபேடர் அதில் கிடையாது. பல மைக்குகளை ஒரே நேரத்தில் சேர்ப்பதே அதன் வேலை. நம் ஊர் நிகழ்ச்சிகளுக்கு முதலாவதும் மூன்றாவதும் சேர்ந்தால் போதும் என்பது என் உறுதியான கருத்து.

கண்ட்ரோலரில் முதலில் தேட வேண்டியது உள்ளேயே அமைந்த ஒலி அட்டை. அதாவது மண்டபத்துக்குப் போகும் மாஸ்டர் ஒலிக்கு ஒரு துளையும், அடுத்த பாட்டை நீங்கள் மட்டும் கேட்டுத் தயார் செய்ய ஹெட்ஃபோனுக்கு இன்னொரு துளையும் தனித்தனியாக இருக்க வேண்டும். பயனியர் டிடிஜே-200இல் ஒலி அட்டை இல்லை. ஒலியைக் கைப்பேசியிலிருந்தோ கணினியிலிருந்தோ பிரிப்புக் கேபிள் போட்டுத்தான் எடுக்க வேண்டும். வீட்டில் பழக அது போதும், ஆனால் காசு வாங்கிக்கொண்டு செய்யும் நிகழ்ச்சிக்கு அதை நம்பிப் போகக் கூடாது. நியூமார்க் டிஜே2கோ2 டச் அளவில் மிகச் சிறியதாக இருந்தாலும் ஒலி அட்டை உள்ளது. டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4, நியூமார்க் மிக்ஸ்டிராக் புரோ எஃப்எக்ஸ், ஹெர்குலீஸ் இன்பல்ஸ் 300 ஆகியவற்றை இதற்கு அடுத்த படியில் வைத்து ஒப்பிடலாம்.

இந்த விலைக்குள் கிடைக்கும் கண்ட்ரோலர்களில் மாஸ்டர் ஒலி பெரும்பாலும் ஆர்சிஏ துளை (வீட்டு ஒலிக்கருவிகளில் காணும் சிவப்பு-வெள்ளைத் துளை) வழியாகத்தான் வெளிவரும். ஆர்சிஏ இணைப்பு இரைச்சலை எதிர்த்து நீக்கும் அமைப்பு இல்லாதது. சில மீட்டர் நீளத்துக்கு மேல் போனால் சுற்றியுள்ள மின்கம்பிகளின் இரைச்சலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். மேடையின் ஓரத்தில் உங்கள் மேசையும் மண்டபத்தின் மறுகோடியில் ஒலிபெருக்கியும் இருந்தால், கண்ட்ரோலரிலிருந்து நேராக நீண்ட ஆர்சிஏ கேபிள் இழுக்காமல், பக்கத்தில் இருக்கும் மிக்ஸருக்குக் குட்டையான கேபிளைக் கொடுத்து, அங்கிருந்து இரைச்சலைத் தடுக்கும் எக்ஸ்எல்ஆர் கேபிளில் அனுப்ப வேண்டும். மடிக்கணினியின் சார்ஜரைச் செருகியவுடன் "உம்ம்" என்று 50 ஹெர்ட்ஸ் முனகல் கேட்டால், அது பெரும்பாலும் பூமி இணைப்பு இரண்டு வழியாகச் சுற்றி வருவதால் ஏற்படுவது. கணினியையும் மிக்ஸரையும் ஒலிபெருக்கியையும் ஒரே சுவிட்சிலிருந்து எடுத்துப் பாருங்கள்; அதிலும் நிற்காவிட்டால் கண்ட்ரோலருக்கும் மிக்ஸருக்கும் இடையில் டிஐ பெட்டி (ஒலியைக் கடத்தி, பூமி இணைப்பைப் பிரிக்க உதவும் சிறு பெட்டி) வைத்து, அதில் உள்ள பூமித்துண்டிப்பு சுவிட்சைப் பயன்படுத்துங்கள். மூன்று முனை பிளக்கில் பூமி முனையை முறித்தோ மறைத்தோ முனகலை நிறுத்துவதைச் சில இடங்களில் செய்கிறார்கள். மழை நாளில் ஈரத் தரையில் நின்று மைக்கைப் பிடிக்கும் ஒருவரின் உயிர் அந்த முனையில் இருக்கிறது; அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

மைக்கைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் நிகழ்ச்சிகளில் பாட்டுக்குச் சமமாகப் பேச்சும் நடக்கிறது. அறிவிப்பாளர், வாழ்த்திப் பேசும் தாய்மாமா, இரண்டு வரி பாடிக் காட்டும் அத்தை, இடையில் வந்து சேரும் உறுமி மேளக் குழு என்று பலருக்கும் மைக் தேவைப்படும். மலிவான கண்ட்ரோலர்களில் பெரும்பாலும் ஒரே ஒரு மைக் துளையும், அதற்கு ஓர் ஒலியளவுக் குமிழும் மட்டுமே இருக்கும். கீழ்ச்சுருதியைக் குறைக்கவோ, கீச்சொலி எழும்பும் இடத்தை மட்டும் தணிக்கவோ வழியிருக்காது. யமஹா எம்ஜி10, பெஹ்ரிங்கர் ஸெனிக்ஸ் 1202 போன்ற சிறிய மிக்ஸர்களில் நான்கு மைக் வரை செருகலாம். ஒவ்வொன்றுக்கும் தனித் தொனிக் குமிழ்கள் உண்டு. கண்ட்ரோலரின் ஆர்சிஏ ஒலியை அந்த மிக்ஸரின் ஸ்டீரியோ துளையில் கொடுத்துவிடலாம். இதில் இன்னொரு பெரிய பயன் இருக்கிறது: கணினி நடுவில் உறைந்துபோனாலும் மைக் வேலை செய்யும், அறிவிப்பாளர் கூட்டத்தைப் பார்த்துக்கொள்வார், நீங்கள் பதறாமல் கணினியை மீண்டும் தொடக்கலாம். ஆகவே 1,500 வெள்ளியையும் கண்ட்ரோலரிலேயே போடாமல், ஒரு படி கீழான கண்ட்ரோலரும் ஒரு சிறு மிக்ஸரும் வாங்குவதையே நான் பரிந்துரைப்பேன்.

வெளிநாட்டு விமர்சனங்களில் தமிழ்ப் பாட்டுக்கான கணக்கு வராது. டீஜே மென்பொருள்கள், பாட்டு முழுவதும் தாளம் ஒரே வேகத்தில், நான்கு நான்காகப் போகிறது என்று எண்ணிக்கொண்டு ஒவ்வோர் அடிக்கும் திரையில் கோடு கிழிக்கின்றன. 1980களில் இளையராஜா அமைத்தது போன்ற, வாத்தியக்காரர்கள் நேரில் வாசித்துப் பதிவான பாட்டுகளில் வேகம் சற்றே கூடும், சற்றே குறையும். இரண்டாவது சரணத்துக்குள் கோடு நழுவிவிடும். குத்துப் பாட்டுகளின் ஆறெட்டுத் தாளத்தில் இன்னொரு சிக்கல். நிமிடத்துக்கு 100 அடி என்று கால் தட்டும் பாட்டை மென்பொருள் 150 என்று காட்டக்கூடும், ஏனென்றால் மூன்று சிறு அடிகள் சேர்ந்த ஒரு தட்டை அது இரண்டிரண்டாகப் பிரித்து எண்ணுகிறது. அப்படிப்பட்ட இடத்தில், வேகத்தைத் தானாகச் சேர்க்கும் சிங்க் பொத்தானை அழுத்தினால் இரண்டு பாட்டும் மோதிக்கொள்ளும். நம் பாட்டுகளைக் கலப்பவருக்குக் காதும் கையும்தான் துணை. அதற்குக் கையால் சுழற்றும் ஜாக் வீல் பெரியதாகவும், வேகத்தை மாற்றும் டெம்போ ஃபேடர் நீளமாகவும் இருப்பது, எட்டு பேட்டா பதினாறு பேட்டா என்பதைவிட முக்கியம். மிக்ஸ்டிராக் புரோ எஃப்எக்ஸின் ஆறு அங்குல வீலை நான் இதனால்தான் மதிக்கிறேன். இன்பல்ஸ் 300இல் வேகத்தைக் கூட்டவா குறைக்கவா என்று அம்புக்குறி விளக்குகள் காட்டிக்கொடுக்கும். பழகும் காலத்தில் அவை உதவும், ஆனால் கோடு தவறிய பாட்டில் அவையும் தவறாகவே காட்டும்.

மென்பொருளில் அதிகம் தயங்க வேண்டியதில்லை. எஃப்எல்எக்ஸ்4ஐச் செருகினால் ரெக்கார்ட்பாக்ஸின் வாசிப்புப் பகுதி சந்தா இல்லாமலே திறக்கும்; செராட்டோ டீஜே லைட்டும் அதில் வேலை செய்யும். விண்டோஸ் கணினியாக இருந்தால் கருவிக்குரிய, ஒலித் தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ டிரைவரை நிறுவிக்கொள்ளுங்கள். பஃபரை (ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் அளவை) 256 என்று வைத்தால் தாமதம் ஏறத்தாழ 6 மில்லிவினாடி, 512 என்றால் 12. பழைய கணினியில் ஒலி வெட்டினால் 512க்குப் போகலாம், அந்த வேறுபாடு கையில் பெரிதாகத் தெரியாது. பாட்டுகளைக் கணினியிலேயே சேமித்து வைத்திருங்கள். செம்பனைக் காட்டுக்கு நடுவிலிருக்கும் மண்டபத்தில் இணையத்தை நம்ப முடியாது. யூஎஸ்பி வழியாகவே மின்சாரம் பெறும் கண்ட்ரோலராக இருந்தால், மண்டபத்தில் மின்சாரம் போய் ஜெனரேட்டர் எழுந்து வரும் வரை கணினியின் பேட்டரியில் அது உயிரோடிருக்கும், பாட்டு நின்ற இடமும் தொலையாது.

ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ கடைக்குப் போகும்போது உங்கள் சொந்தக் கணினியையும் ஹெட்ஃபோனையும் எடுத்துச் செல்லுங்கள். எந்தப் பாட்டும் ஓடாத நிலையில் எல்லாக் குமிழ்களையும் முழுதாகத் திருகி, ஹெட்ஃபோனில் எழும் "ஸ்ஸ்" சத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். இடப்பக்கம் ஒரு பாட்டை ஓடவிட்டு, கிராஸ்ஃபேடரை வலக்கோடிக்குத் தள்ளி, மெல்லிய கசிவு கேட்கிறதா என்று பாருங்கள். ஹெட்ஃபோன் ஒலியளவை முழுதாக வைத்து, பக்கத்திலிருக்கும் ஒலிபெருக்கியையும் சத்தமாக வைக்கச் சொல்லுங்கள். அந்த இரைச்சலில் அடுத்த பாட்டின் தாளம் காதில் தெளிவாக விழாவிட்டால், உறுமி அடிக்கும் மண்டபத்தில் நிச்சயமாக விழாது. பயன்படுத்திய கருவி என்றால் இன்னும் இரண்டு இடங்களை விடக்கூடாது. யூஎஸ்பி கேபிளைச் செருகியபின் அதை விரலால் மெதுவாக மேலும் கீழும் அசைத்து, இணைப்பு அறுகிறதா என்று கணினியில் கவனியுங்கள். ஒவ்வொரு ஃபேடரையும் கோடி முதல் கோடி வரை மெல்ல நகர்த்தினால், தூசி ஏறியது கரகரவென்று காட்டிக்கொடுத்துவிடும். ஃபேடரை மாற்ற முடியும். தளர்ந்துபோன யூஎஸ்பி துளை உள்ள பெட்டியை விலை குறைத்தாலும் வாங்க வேண்டாம்.

இணையத்தில் வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்கினால், 500 வெள்ளிக்கு மேற்படாத பொருளுக்கு 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு என்பதை விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். உள்நாட்டுக் கடையில் வாங்கும்போது, கருவியின் தொடர் எண் எழுதிய இரசீதைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் பழுதான பொருளை மாற்றித் தர மறுத்தால், 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை 5 வெள்ளி கட்டணத்தில் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோகலாம்; வழக்கறிஞர் தேவையில்லை. தனிநபரிடம் வாங்கும் பழைய கருவிக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது என்பதால், அங்கே மேலே சொன்ன சோதனைகளை முடிக்காமல் பணத்தை நீட்டாதீர்கள்.