கண்ணை மூட முதல்: வன்னியில் தியானம் பழகுவோர் விடும் பிழைகள்

தலையிடி, நெஞ்சடைப்பு, நித்திரையில்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போவோம். ஈசிஜி, இரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருக்கும். உடனே வீட்டில், "உங்களுக்கு ஒண்டுமில்லை, சும்மா யோசிக்காதையுங்கோ" என்பார்கள். முதல் பிழை அதுதான். பயந்த உடம்பில் அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாக அடிக்கும், கழுத்துத் தசை இறுகும். அது மாதக்கணக்கில் தொடர்ந்தால் வரும் நோவும் உண்மையான நோதான்.

தியானம் இதற்கு உதவும். ஆனால் யூடியூப்பில் ஏதோ ஒரு வீடியோவைப் போட்டுவிட்டு, அறையைப் பூட்டி அரைமணி நேரம் கண்ணை மூடியிருப்பது எல்லாருக்கும் ஒத்துவராது. 2009இல் இறுதிப் போரைக் கடந்து வந்தவர்கள் பலருக்கு அமைதியே பயம். பங்கருக்குள் அடுத்த ஷெல்லுக்காகக் காது கொடுத்துக் கிடந்த உடம்பு, சத்தம் அடங்கினால் மறுபடி காது கொடுக்கத் தொடங்கும். அப்போது நெஞ்சு பதறினால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டாம். கண்ணைத் திறவுங்கள். பகலில், வெளிவாசல் தெரிகிற மாதிரித் திண்ணையில் இருந்து, வெறுங்காலை முற்றத்து மண்ணில் ஊன்றுங்கள். கண்ணில் படுவதை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்: கிணற்றுக்கட்டு, வாளி, முருங்கை, சைக்கிள், கோழி. ஐந்து நிமிடம் போதும்.

தியானத்துக்குப் புது மந்திரம் தேடத் தேவையில்லை. வன்னி மக்களின் கூட்டு மனவடுவைப் பற்றி எழுதிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், மந்திர செபம், செபமாலை, திக்ர் (இறைநாமத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும் முஸ்லிம் வழிபாடு) போன்ற அவரவர் வழிபாட்டு முறைகளையே உடலையும் மனதையும் தளர்த்தும் பயிற்சியாகப் பயன்படுத்தியவர். செபமாலையோ மந்திரமோ சொல்லும்போது மூச்சு நிமிடத்துக்கு ஆறளவில் இறங்குவதை 2001இல் வெளிவந்த இத்தாலிய ஆய்வொன்றும் காட்டியது. சொல்லச் சொல்ல வெளிமூச்சு நீளும். வெளிமூச்சு நீள, இதயத்துடிப்புக் குறையும். அம்மம்மா பின்னேரத்தில் முணுமுணுப்பதைப் 'பழசு' என்று தள்ளிவிட்டு, அதையே காசு கட்டி அப்பில் கேட்பது எனக்குச் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

வெளிநாட்டிலிருந்து அண்ணா அனுப்பிய ஸ்மார்ட் வோட்ச் இன்னொரு வில்லங்கம். துடிப்பு 90 என்று கண்டதும் பயம், பயத்தில் அது 100. பயிற்சி நேரத்தில் வோட்சைக் கழற்றுங்கள். போனில் மந்திரம் கேட்பதென்றால் டேட்டாவை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். நடுவில் ஒரு வைபர் அழைப்பு வந்தால் அவ்வளவுதான்.

மனம் வெறுமையாகவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், யாருக்கும் ஆகாது.

கடைசியாக, தியானத்தை நம்பிக் குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள். புதிதாக நெஞ்சு நோ வந்து கையோ தாடையோ உளைந்தால், வியர்த்தால், மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மனம் தாங்காத இரவுகளில் 1926 என்ற இலங்கைத் தேசிய மனநல உதவி எண்ணுக்கு அழைக்கலாம்.