சிம்ஸ் 4-ல் பட்டுப்பாவாடை செய்வது எப்படி

மும்பைத் தெருக்கடைத் துணிகளை மனதில் வைத்து சிம்ஸ் 4 என்ற, ஆட்களை உருவாக்கி வாழவைக்கும் விளையாட்டுக்கு 'ஃபேஷன் ஸ்ட்ரீட்' என்ற கிட் (சிறு கூடுதல் தொகுப்பு) 2021-ல் வந்தது. அழகான உடைகள்தான். ஆனால் மும்பை மாட்டுங்காவின் ஆஸ்திக சமாஜக் கோயிலுக்கு எங்கள் வீட்டுச் சின்னப் பெண்கள் கட்டிக்கொண்டு போகும் பட்டுப்பாவாடை அதில் இல்லை. அதை நாமே செய்துகொள்ளலாம். தையல் தெரிய வேண்டாம், 3டி மாடலிங்கும் வேண்டாம். இருக்கிற பாவாடை ஒன்றின் மேல் புதுத் துணியை வரைந்தால் போதும்.

உடையை மாற்ற சிம்ஸ் 4 ஸ்டூடியோ, படம் வரைய ஜிம்ப் என்ற மென்பொருள்கள் வேண்டும். இரண்டும் இலவசம், இறக்கிக்கொள்ளுங்கள். ஸ்டூடியோவில் ஸ்டாண்ட்அலோனாக, அதாவது தனி உடையாக, உருவாக்கும் வழியை எடுங்கள். ஓவர்ரைடு வேண்டாம், அது விளையாட்டின் பழைய உடையையே மாற்றிவிடும். அடிப்படை விளையாட்டில் உள்ள, முடிந்தவரை நீளமான, கொசுவம் விரிந்த பாவாடையாகத் தேர்ந்தெடுங்கள். அடிப்படை விளையாட்டு 2022 அக்டோபரிலிருந்து இலவசம் என்பதால், உங்கள் பாவாடையைக் கணினியில் விளையாடும் யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். காசு கொடுத்து வாங்கும் கூடுதல் பேக்கில் உள்ளதை எடுத்தால் அந்த பேக் இல்லாதவர்களுக்குப் பயன்படாது.

டெக்ஸ்சரை, அதாவது பாவாடையின் மேல் போர்த்தியிருக்கும் துணிப் படத்தை, எக்ஸ்போர்ட் செய்து ஜிம்பில் திறங்கள். பழைய படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி மேல் லேயரில் 'மல்டிப்ளை' என்ற கலப்பு முறையில் வையுங்கள். மடிப்பின் நிழல் அப்படியே கிடைக்கும். அடி லேயரில் உங்கள் துணி. படத்தில் எதுவும் இல்லாத இடத்தைக் காலியாகவே விடுங்கள். அங்கே வண்ணம் பட்டால் சிம்மின் (விளையாட்டில் வரும் ஆளின்) தோலில் ஒட்டும்.

துணிக்கு, வீட்டில் இருக்கும் பட்டையே படம் எடுங்கள். ஜன்னலோரம் தரையில் விரித்து, நேர் மேலிருந்து, ஃபிளாஷ் இல்லாமல். ஃபிளாஷ் பட்டால் ஜரிகை வெள்ளைத் திட்டாகிவிடும்.

இனி கரை. பட்டுப்பாவாடைக்கு உயிரே அதுதான், நேரத்தை அங்கே செலவழியுங்கள். டெக்ஸ்சரில் முன்பக்கமும் பின்பக்கமும் தனித்தனித் துண்டுகளாக இருக்கும், அடி விளிம்பும் பெரும்பாலும் வளைந்திருக்கும். கரையை நேர்ப்பட்டையாக ஒட்டினால் நடுவில் ஏறி ஓரத்தில் இறங்கிவிடும். 'வார்ப்' கருவியால் விளிம்போடு வளைத்து, இரண்டு துண்டுகளும் இடுப்போரத்தில் சந்திக்கும் இடத்தில் ஒரே உயரத்தில் நிறுத்துங்கள். அப்புறம், நிஜக் கரையில் உள்ள பொடி வேலைப்பாடு எல்லாம் விளையாட்டில் தெரியாது, கேமரா தூரத்தில் இருக்கும். அகலமாக ஒரு டெம்பிள் பார்டர், அதன் மேல் பெரிய அன்னம், அவ்வளவு போதும். அரக்குக்கு மாம்பழ மஞ்சள், மயில் கழுத்துக்கு அரக்கு என்று எதிர்நிறக் கரை கொடுங்கள். ஒரே நிறத்தில் உடலும் கரையும் விட்டால் சாதாரண ஸ்கர்ட் போலத்தான் நிற்கும்.

ஜரிகைக்குப் பளிச்சென்ற மஞ்சள் பூசாதீர்கள். பழுப்பு கலந்த பொன்னிறம் பூசிவிட்டு, மினுமினுப்பை, அதைக் குறிக்கும் தனிப் படமான ஸ்பெகுலரிடம் விடுங்கள். அதில் வெளுத்த இடம் மினுங்கும், கறுத்த இடம் மங்கும். கரையை வெளுப்பாகவும் உடலை நடுத்தரச் சாம்பலாகவும் வைத்தால், சிம் திரும்பும்போது ஜரிகை மட்டும் தனியாக மின்னுவதைப் பார்க்கலாம். பழைய உடையின் தையல், பாக்கெட் மேடுகள் தெரிந்தால் மேடுபள்ளத்தைக் குறிக்கும் பம்ப் மேப்பை வெறுமையாக்கிவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஸ்டூடியோவில் இம்போர்ட் செய்து, முன்னோட்டத்தில் சுற்றிச் சுற்றிப் பாருங்கள், குறிப்பாக இடுப்போரத்தை. வகையில் 'ஃபார்மல்', 'பார்ட்டி' இரண்டையும் டிக் செய்யுங்கள். ரேண்டம் டிக்கை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் தெருவில் போகிற சிம் எல்லாம் உங்கள் பட்டில் வருவார்கள்.

சேமித்த பேக்கேஜ் ஃபைலை டாக்குமெண்ட்ஸில், எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ், தி சிம்ஸ் 4 என்று போய் 'மாட்ஸ்' ஃபோல்டரில் போடுங்கள். விளையாட்டின் ஆப்ஷன்ஸில் 'அதர்' பக்கத்தில் கஸ்டம் கன்டென்டை (நாமே செய்த பொருள்களை) அனுமதித்துவிட்டு மூடித் திறக்க வேண்டும். விளையாட்டுக்குப் புது பேட்ச் (அப்டேட்) வந்ததும் பாவாடை காணவில்லை என்றால் பதற வேண்டாம். அந்த டிக் தானாக எடுபட்டிருக்கும், திரும்பப் போட்டுவிடுங்கள்.