அயல் பாசியின் மேல் கடல் முள்ளெலியை மேயவிடும் முறை

கரும்புத் தோட்டத்தில் பூச்சியின் முட்டைகளை அழிக்கும் ஒட்டுண்ணிகள் ஒட்டிய காகித அட்டையைக் கட்டுபவர், பலன் இல்லையென்றால் அடுத்த போகத்தில் அதைக் கைவிட்டுவிடலாம். கடலுக்கு வரப்பு கிடையாது, அதில் விட்ட உயிரைத் திரும்பப் பிடிக்கவும் முடியாது. ஆகவே பூச்சியை அழிக்கும் உயிரியை அதன் தாய்நாட்டிலிருந்து வரவழைக்கும் வயல் வழக்கத்தைக் கடலுக்குக் கொண்டுவரக் கூடாது என்பதே முதல் விதி. ஐரோப்பியக் கரை நண்டை ஒடுக்க சாக்குலினா என்ற ஒட்டுண்ணியைக் கலிபோர்னியாவில் விடலாமா என்று ஆய்வகத்தில் சோதித்தபோது, அது அங்குள்ள உள்ளூர் நண்டுகளையும் தொற்றிக் கொன்றது. கருங்கடலில் பாலஸ்ட் நீரோடு (கப்பல் நிலைகுலையாதிருக்க அதில் நிரப்பும் நீர்) வந்து பெருகிய, ஜெல்லிமீன் போன்ற சீப்பு ஜெல்லியை, 1997இல் தென்பட்ட பெரோயே என்ற மற்றொரு சீப்பு ஜெல்லி தின்று குறைத்தது உண்மைதான். ஆனால் அது யாரும் திட்டமிட்டு விட்டதன்று, அதிர்ஷ்டம்.

நம்பிப் பின்பற்றத்தக்க முறை ஹவாயின் கானியோஹே விரிகுடாவில் நடப்பது. உணவைக் கெட்டியாக்கப் பாசியிலிருந்து எடுக்கும் கேரஜீனன் என்ற பொருளின் தொழிலுக்காக 1970களில் அங்கே கொண்டுவரப்பட்ட கப்பாபைகஸ் வகைப் பாசிகள் பவளத் திட்டுகளின் மேல் படர்ந்து, வெளிச்சம் படாமல் பவளத்தை மூடின. அவற்றை மேய, அந்தக் கடலுக்கே உரிய டிரிப்னூஸ்டஸ் கிராட்டில்லா என்ற கடல் முள்ளெலியை (உடலெங்கும் முள் கொண்ட உருண்டையான கடலுயிர்) தேர்ந்தார்கள்.

முதல் வேலை, கையால் அகற்றுவது. அடர்ந்து கிடக்கும் பாசியை முள்ளெலிகள் தின்று தீர்க்க நெடுநாள் ஆகும் என்பதால், முக்குளிப்பவர்கள் அதைப் பிய்த்து, மிதவையில் உள்ள உறிஞ்சு பம்பின் குழாய்க்குள் ஊட்டுகிறார்கள். பிய்க்கும்போது சிதறும் துண்டு ஒவ்வொன்றும் புதிதாக முளைக்கும். ஆகவே வேகத்தைவிடக் குழாயின் வாய் கைக்கு அருகில் இருப்பதே முக்கியம். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் பவளக் கிளைகளின் இடுக்கில் அடித்துண்டு ஒட்டியே நிற்கும். முள்ளெலி தேவைப்படுவது அந்த இடத்தில்தான்: அடிப்பக்கத்து வாயிலுள்ள ஐந்து பற்களால் அது பாறையை ஒட்டச் சுரண்டித் தின்கிறது.

முள்ளெலிகளை வேறு பாறைகளிலிருந்து அள்ளி வந்தால் அந்தப் பாறைகள் மேய்ப்பாரின்றிப் போகும். எனவே பொரிப்பகத்தில் வளர்க்க வேண்டும். உள்ளூர்க் கடலிலிருந்து எடுத்த பல தாய் தந்தை முள்ளெலிகளைக் கருவூட்டலுக்குப் பயன்படுத்துங்கள். ஒரே தாய் இலட்சக்கணக்கில் முட்டையிடும் என்பதற்காக ஒன்றிரண்டோடு நிறுத்தினால் மரபு வளம் குறுகிவிடும். இளவுயிரிகள் நுண்பாசியை உண்டு சில வாரங்கள் நீந்திய பின் தளத்தில் அமரும். ஓடு ஏறத்தாழ 15 மி.மீ. அகலம் ஆன பிறகே கடலுக்கு அனுப்ப வேண்டும். அதற்குமுன் விட்டால் மீனுக்குத்தான் இரை.

படகிலிருந்து கொட்டாமல், முக்குளிப்பவர் கையால் இடுக்குகளுக்கு அருகே வைப்பது நல்லது. சற்று நேரத்தில் அவை சிப்பித் துண்டுகளையும் பாசியையும் இழுத்துத் தம் முதுகில் போர்த்திக்கொள்வதைக் காணலாம். அதன்பின் எண்ணுவது கடினம் என்பதால், வைக்கும்போதே எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். திட்டுகளைச் சுற்றி மணல் இருக்கும் இடமாகத் தேர்ந்தால் அவை பெரும்பாலும் அங்கேயே தங்கும்.

தலையிடாத ஒரு பாறையையும் கூடவே அளந்து வராவிட்டால், பாசி குறைந்தது முள்ளெலியாலா பருவத்தாலா என்று சொல்ல வழியிருக்காது. அகற்றலும் மேய்ச்சலும் சேர்ந்த கானியோஹே திட்டுகளில் இரண்டு ஆண்டுகளில் அயல் பாசி 85 விழுக்காடு குறைந்ததாக 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த ஆய்விலும் ஒப்பீட்டுப் பாறைகள் இருந்தன.

மண்டபம் பகுதியில் வளர்க்கப்பட்ட கப்பாபைகஸ், குருசடைத் தீவின் பவளங்கள் மேல் படர்ந்திருப்பது 2008இல் பதிவானது. அங்கே இம்முறையை எண்ணுபவர்கள் ஹவாய் முள்ளெலியின் பெயரை மறந்துவிட்டு, மன்னார் வளைகுடாவில் ஏற்கெனவே வாழும் மேய்ப்புயிர்களில் எது இந்தப் பாசியைத் தின்கிறது என்பதைத் தொட்டியில் சோதிப்பதிலிருந்து தொடங்க வேண்டும். அது கடல்சார் தேசியப் பூங்கா. தீவில் ஓர் உயிரை எடுக்கவோ விடவோ வனத்துறையின் அனுமதியை முன்னதாகப் பெற வேண்டும்.